குழியில் கரைத்த வேண்டுதல்

என் கையில் மருக்கள் முளைத்திருந்தன. அவை உதிர்ந்தால் கோவில் குளத்தில் உப்பும் மிளகும் கரைப்பதாக அம்மா அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அம்மனும் உதிர்த்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த வருஷம் மழை இல்லாமல் குளம் வற்றிப்போனது. செம்பாக்கத்தில் எங்களுக்குத் தெரிந்து தண்ணீர் நின்ற ஒரே இடம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் போர்க்கிணறு போடுவதற்காக வெட்டியிருந்த சேற்றுக்குழிதான்.

அந்தக் குழியை விட்டு நான் நகரவே மாட்டேன். களிமண்ணை மோர்க்குழம்பு பதத்தில் வழவழவென்று கரைத்து வைத்திருந்தார்கள். அது குழாய்க்குள் இறங்கி, பாதாளத்து மண்ணைச் சுமந்துகொண்டு மேலே வரும்.

ஆட்கள் டீ குடிக்கப் போன நேரத்தில், அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பை நிறைய இருந்த கல்லுப்பை மிளகோடு குழியில் கொட்டிக் கலக்கினாள். பூமிக்குள் போவது அம்மனுக்குப் போய்ச் சேராதா என்பது அவள் எண்ணம்.

வேலை மறுபடி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் குழம்பு தடித்தது. பிறகு புளிப்பு விழுந்த பால் மாதிரி திரிந்து, களி ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. அம்மனே வந்துவிட்டாள் என்று நான் கைகூப்பி நின்றேன்.

போர்க்காரர் சேற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

“யாரும்மா இதுல உப்பு போட்டது?”

“வேண்டுதலுங்க,” என்றாள் அம்மா.

“சாமிக்கு சரிம்மா, சேத்துக்கு ஆவாதே. ஓட்டை சரியாம புடிச்சுக்கினு நிக்கிறதே இந்தக் களிதான். மண்ணு சரிஞ்சா குழாய் உள்ளயே மாட்டிக்கும், போரே போச்சு. குழியைக் காலி பண்ணிட்டு நல்ல தண்ணில புதுக் களி கரைக்கணும். சீக்கிரம்.”

இன்னொரு போர் போட எங்களுக்கு வக்கில்லை. தண்ணீர் லாரியோ மறுநாள்தான் வரும். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன்மா, ஏரில போய் கரைக்கிறதுதானே?” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

“ஏரில மாடு மேயுதுக்கா.”

அக்கா சிரித்துவிட்டாள். உள்ளே போய், ராத்திரிச் சமையலுக்கு மூடி வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து, ஆட்கள் இறைத்துக் காலி பண்ணிய குழியில் சாய்த்தாள். அதைப் பார்த்துத் தெருவே குடங்களோடு வந்தது. புதுக் களி பட்டு மாதிரி கரைந்தது. நின்றுபோயிருந்த குழாய் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியபோது நான் மறுபடியும் கைகூப்பினேன்.

அன்று சாயங்காலம் தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு புகையவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து கடை பன் தின்றார்கள். எதிர்வீட்டிலும் பன். எங்களுக்கு மட்டும் காலையில் வடித்த சோறு. தெருவுக்கே பண்டிகையாக இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று நான் உரக்கக் கேட்டேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்தினாள்.