வலது பக்கத்து ஹப்

பேய் பிசாசு என்று யாராவது பேச ஆரம்பித்தால், "அதற்கு ஆவணம் ஏதும் உண்டா?" என்று கேட்கிற ஆள் நான். சர்வீஸில் இருந்தபோது, சாலை அகலப்படுத்த ஒரு புளியமரத்தை வெட்டக் கூடாது, அதில் முனி இருக்கிறது என்று ஓர் ஊரே மனுக் கொடுத்தது. மனுதாரர் பட்டியலில் முனியின் கையொப்பம் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதை அலுவலகத்தில் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார்கள். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், தெரியும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் 'பரிசீலிக்க இயலாது' என்று எழுதி மூடியிருப்பேன்.

ஓய்வு பெற்றுத் திண்டிவனத்தில் இருக்கிறேன். என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. எங்கள் துறை ஜீப்தான், நான் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போன வண்டி. அதைக் கழித்துக்கட்டி ஏலம் விட்டபோது வேறொருவர் எடுத்தார், ஓய்வு பெற்ற பிறகு அவரிடமிருந்து வாங்கினேன். சர்வீஸில் இருக்கும்போதே வாங்கியிருந்தால் கேள்வி வரும். அந்த மாதிரி விஷயங்களில் நான் ரொம்பச் சுத்தம்.

ஜீப் சண்டைக்காகச் செய்த வண்டி. சண்டை முடிந்ததும் அதைக் காட்டுக்கும் வயலுக்கும் அனுப்பினார்கள், நம் ஊரில் அது அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது. ரோடு இல்லாத கிராமத்துக்குப் போய், ரோடு போடுவது பற்றி ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லவும் ஜீப்தான் வேண்டியிருந்தது. கதவு கிடையாது, மெத்தை என்று பெயருக்கு ஒன்று, இருபது கிலோமீட்டர் போனால் முதுகு தனியாக வந்துவிடும். ஆனாலும் முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து ஓர் ஊருக்குள் நுழையும்போது ஜனங்கள் ஒதுங்கி நிற்பார்களே, அந்த உயரம் எந்தக் காரிலும் கிடைக்காது. ஜீப் மேல் எனக்கு இருந்த ஆசையில் முக்கால்வாசி அதுதான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரே ஒரு மெக்கானிக் விஷயம் சொல்ல வேண்டும். இப்போது வருகிற வண்டிகளில் பட்டனைத் தட்டினால் நாலு சக்கரமும் இழுக்கும். அந்தக் காலத்து ஜீப்பில் சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டும்தான் இழுக்கும். முன்சக்கரமும் இழுக்க வேண்டுமென்றால் யாராவது கீழே இறங்கி, முன்சக்கரங்களின் நடுவில் இருக்கிற ஹப் என்ற குமிழைக் கையால் திருப்பி, 'ஃப்ரீ'யிலிருந்து 'லாக்'குக்கு வைக்க வேண்டும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. சேற்றில் கால் வைக்காமல் இதைச் செய்ய வழி கிடையாது.

விழுப்புரத்தில் இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைபாஸ் ஓட்டல் ஒன்றில் கூடுவார்கள். மலையேறுகிற டயர், வெள்ளத்தில் இன்ஜின் மூச்சு விடக் குழாய், சேற்றில் சிக்கினால் கம்பி போட்டு இழுக்க வின்ச், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நாலு வழிச்சாலையில் வந்து பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பழைய ஜீப்புக்காக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. கொடுத்தேன். ஏரிக்கரை உடையப்போகிறது என்று தகவல் வந்த ஒரு மழைநாளில், திருவக்கரைக்குப் போகிற வழியில் உள்ள தரைப்பாலத்தில், வெள்ளத்தில் நானே இறங்கி இரண்டு ஹப்பையும் திருப்பி வண்டியை அக்கரை சேர்த்த கதை. முதல் தடவை சொன்னபோது தண்ணீர் முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. மூன்றாவது தடவைக்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது.

நடந்தது வேறு. அன்றைக்கு வண்டி ஓட்டியவர் எங்கள் டிரைவர் கலியமூர்த்தி, கண்டமங்கலத்துப் பக்கத்து ஆள். தரைப்பாலத்துக்கு இறங்குகிற சரிவிலேயே நிறுத்திவிட்டார்.

"ஐயா, வலது பக்கம் நான் பாத்துக்கறேன். எடது பக்கத்து ஹப்ப மட்டும் நீங்க திருப்பிடுங்க. தண்ணி ஏறிக்கினே இருக்குது, ஜல்தியா தாண்டிடலாம்."

"அது ஆபீசர் வேலையாய்யா? அப்புறம் நீ எதுக்கு?"

"ஷூவக் கழட்டி சீட்டு மேல வச்சிட்டு எறங்குங்க ஐயா. அது எங்கியும் ஓடிப்போவாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் நாலடி தள்ளித்தான் இருந்தது, கீழே கணுக்கால் அளவு சேறு, அவ்வளவுதான். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது, அதை இங்கே அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். இறங்கி வலது பக்கத்தைத் திருப்பிவிட்டு, முன்னால் சுற்றி வந்து இடது பக்கம் குனிந்தார். சேற்றில் டயர் லேசாக வழுக்கி வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது. பயத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அது டேஷ்போர்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த ஹேண்ட்பிரேக்கின் கைப்பிடி, திருகினால் பிரேக் விட்டுவிடும். என் கையில் அது திரும்பி உள்ளே போனது. சக்கரம் கலியமூர்த்தியின் கால் மேல் ஏறி நின்றது. அவர் கத்தவில்லை. "ஐயா, பிரேக்கு" என்று மட்டும் சொன்னார்.

அறிக்கை நான்தான் எழுதினேன். 'ஓட்டுநர் கைத்தடையை முறையாக இடாமல் கவனக்குறைவாக வாகனத்தை விட்டு இறங்கியதால்.' நல்ல வாக்கியம், எழுவாய் பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. பெரிய தண்டனைக்கு வழி செய்கிற பதினேழு பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை அவருக்குப் போனது. அதற்கு அவர் கொடுத்த விளக்கம் ஒரே வரி: 'நான் பிரேக் போட்டுத்தான் இறங்கினேன்.' என் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்டனை வந்தது. கால் சரியாகவில்லை, இனி ஓட்ட முடியாது என்று அலுவலக உதவியாளர் வேலைக்கு மாற்றினார்கள். தினமும் காலையில் நொண்டிக்கொண்டு வந்து, தான் ஓட்டின அதே ஜீப்பைத் துடைத்து வைப்பார். நான் வந்து இடது பக்கம் ஏறுவேன். "வணக்கங்க ஐயா" என்பார். பதினொரு வருஷம்.

போன வருஷம் இறந்துபோனார். துக்கத்துக்கு நான் போகவில்லை. சில மாதம் கழித்து அவருடைய மகள் தமிழ்ச்செல்வி வீட்டுக்கு வந்தாள். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அப்பா பிரேக்கு போட்டுத்தான் எறங்கனாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க ஐயா. கடசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு."

"மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டும்மா. அது எப்பவோ முடிஞ்சிடுச்சு. கோப்பே அழிச்சிருப்பாங்க. நான் இப்ப எழுதினா செல்லாது."

"ஆபீசுக்குக் குடுக்கறதுக்கு இல்லீங்க. வூட்ல வச்சிக்கறதுக்கு."

"அப்படி ஒரு நடைமுறை இல்லையேம்மா."

அவள் எழுந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

இதற்கு அடுத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ராத்திரியும் இல்லை, அமாவாசையும் இல்லை, மழை விட்டு நல்ல வெளிச்சம். பைபாஸ் ஓட்டல் கூட்டத்தில் பிரதீப் என்று ஒரு பையன், இன்ஜினியர், என் ஜீப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சாவியைக் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஏறினேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த வண்டியில் நான் இடது பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் சொல்லாமலே திருவக்கரை ரோட்டுக்குத் திருப்பினான். எனக்கு உடனே புரிந்தது. வேண்டாம் என்று சொல்ல என் கதையில் இடம் இல்லை.

தரைப்பாலத்தின் மேல் ஒரு சாண் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சரிவில் நிறுத்தினான். முன்கண்ணாடியை மடக்கிப் போட்டிருந்தோம். போனை எடுத்து பானெட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"சார், அன்னைக்குப் பண்ணின மாதிரியே எறங்கி ரெண்டு பக்கமும் லாக் பண்ணுங்க. நான் இங்கேர்ந்தே எடுக்கறேன். குரூப்ல போட்டா செம்மயா இருக்கும்."

"இந்தத் தண்ணிக்கு அதெல்லாம் தேவையில்லப்பா."

"ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன் சார், பயப்படாம எறங்குங்க."

அவன் ஏன் அதைச் சொன்னான் என்று தெரியவில்லை. சாதாரணமாகச் சொன்னதுதான்.

இனிமேல் நான் சொல்வது எனக்கு ஞாபகம் இருக்கிறபடி. இறங்கினேன், கால் சேற்றில் புதைந்தது. இடது சக்கரத்தின் பக்கத்தில் நிற்கப் பிடிக்காமல், முதலில் வலது பக்கத்தை முடித்துவிடலாம் என்று வண்டிக்கு முன்னால் சுற்றிப் போய்க் குனிந்தேன். ஹப் 'லாக்'கில் இருந்தது. காலையில் புறப்படும்போது இரண்டு பக்கமும் 'ஃப்ரீ' என்று பார்த்துச் சரிபார்ப்புப் பட்டியலில் டிக் அடித்திருக்கிறேன், சிரிக்காதீர்கள், அப்படி ஒரு பட்டியல் வண்டியில் இருக்கிறது, அந்தத் தாள் இன்னும் என்னிடம் உண்டு. பிரதீப் ஓட்டல் வாசலிலிருந்து எங்கும் இறங்கவில்லை. குமிழின் பள்ளத்தில் ஈரச்சேறு, விரல் பதிந்தது பதிந்தபடி இருந்தது. திரும்பி இடது பக்கம் வந்தேன். அது மட்டும் 'ஃப்ரீ'யில் இருந்தது. எனக்கென்று விட்டுவைத்த மாதிரி. கெட்டியாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். ஏறி உட்கார்ந்தேன், வண்டி ஒரே இழுப்பில் அக்கரை போய்விட்டது.

அங்கே போய் நிறுத்திவிட்டு பிரதீப் இறங்கி வலது பக்கத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"சார், நீங்க இந்தப் பக்கம் வரவே இல்லியே. இது எப்படி லாக் ஆச்சு?"

"வந்தேனேப்பா. முதல்ல இங்கதானே வந்தேன்."

"இல்ல சார்." போனைத் துடைத்து நீட்டினான். "கலியமூர்த்தி யாரு சார்?"

நம்பினால் நம்புங்கள், அந்தப் பெயரை அவர்களிடம் நான் ஒரு தடவைகூடச் சொன்னது கிடையாது. என் கதையில் டிரைவரே கிடையாது.

வீடியோவில் நான் இறங்குகிறேன். எங்கும் சுற்றிப் போகவில்லை, இடது சக்கரத்தின் பக்கத்திலேயே நிற்கிறேன். பானெட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வலது பக்கம் யாரோ நிற்கிற மாதிரி அந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறேன். தண்ணீர்ச் சத்தத்திலும் தெளிவாகக் கேட்கிறது. "நீங்க ஏறுங்க கலியமூர்த்தி. இந்தப் பக்கம் நான் பாத்துக்கறேன்."

பிரதீப்பிடம் அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பழைய டிரைவர், ஏதோ ஞாபகத்தில் பேசியிருப்பேன் என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பிரேக் போட்டிருந்தது, அதை விடுவித்தது என் கை, அறிக்கை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் மேலே 'பார்வை' என்று எழுதி, எந்தக் கடிதத்தைப் பார்வையில் காட்டுவது என்று தெரியாமல் அடித்துவிட்டேன். மறுநாள் முண்டியம்பாக்கம் போய், ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற டீக்கடையில் தமிழ்ச்செல்வியைப் பார்த்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"அந்த வீடியோ எனக்கும் வந்துதுங்க. எங்கூட வேல செய்யற பொண்ணோட தம்பி அந்த குரூப்ல இருக்கறான். எங்கப்பாவ நீங்க மரியாதயா கூப்பிட்டு நான் இப்பதான் கேக்கறேன்."

தாளை நாலாக மடித்தாள்.

"இத நான் வச்சிக்கறேன். ஆனா நீங்களே வெள்ளத்துல எறங்கனதா அந்தப் பசங்ககிட்ட சொல்லியிருக்கறீங்களே, அத யாரு மாத்தறது?"

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதல் பிரதி அந்த குரூப்புக்கு. தண்ணீர் இடுப்பளவு இல்லை, முழங்கால் அளவும் இல்லை. இறங்கியவர் கலியமூர்த்தி, நான் உட்கார்ந்திருந்தேன்.

வலது பக்கத்து ஹப் தானாகத் திரும்பியதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. திண்டிவனத்து மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் எதுவும் இல்லை, கை வைக்காமல் திரும்பாது என்றார். எனக்கு மறதி வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம், டாக்டரிடமும் காட்டியாயிற்று, மறதி இல்லையாம்.

அதைக்கூட விட்டுவிடுவேன். வீடியோவில் நான் அப்படிச் சொல்லி முடித்ததும் உடனே குனியவில்லை. மூன்று விநாடி வலது பக்கம் பார்த்தபடியே நிற்கிறேன், எதிரில் ஒருவர் பேசக் கேட்கிற முகத்தோடு. பிறகு தலையாட்டுகிறேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை, ஆகட்டும் ஆகட்டும் என்கிற மாதிரி. அதற்கப்புறம்தான் குனிகிறேன். எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்த மூன்று விநாடியில் தண்ணீர்ச் சத்தம்தான் இருக்கிறது. அவர் என்ன கேட்டார், நான் எதற்குச் சம்மதித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சம்மதித்திருக்கிறேன். அதற்கு ஆவணம் இருக்கிறது.