மிதவையில் கட்டிய படகு

தெருவில் அவருக்கு மிதவைக்காரர் என்றுதான் பெயர். கரை கண்ணுக்கு மறைந்து வெகுதூரம் போன பிறகு, ஆழ்கடலில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கும் மஞ்சள் மிதவைகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பம், அதன் உச்சியில் காற்றை அளக்கும் கருவி, கீழே காற்றழுத்தத்துக்கு ஒன்று, கடல்சூட்டுக்கு ஒன்று. மேகத்தை மேலேயிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும். மேகத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று வானிலை அலுவலகத்துக்குச் சொல்ல அந்த மிதவையை விட்டால் நாதியில்லை.

இத்தனை வருடம் கப்பலில் போய்வந்தும் துறைமுகத்தைத் தாண்டியதும் அவருக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். "கடல்காரருக்கு அக்காவக் குடுக்கிறோம்னு நெனச்சோம். கடைசில பாத்தா வாந்திக்காரருக்குக் குடுத்திருக்கோம்" என்று மச்சினன் வாய்விட்டுச் சிரிப்பான். மனைவிக்கு ஒரே தம்பி. எந்த வேலையிலும் ஒட்டாதவன். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கூப்பிடாமலே போய் நிற்பவன்.

மிதவைக்காரருடைய சொந்தத் தம்பிக்கு ஒரு மீன்பிடிப் படகு இருந்தது. அந்த வருடம் மீன் கிடைக்காமல் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது. ஒருநாள் சாப்பிட வந்தவன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், மிதவைக்காரர் பேச்சுவாக்கில் வாயை விட்டார். மிதவையின் அடியில் பாசி பிடிக்கும், பாசிக்குச் சின்ன மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீன் வந்து மொய்க்கும் என்றார். எந்தப் பக்கம் என்று தம்பி கேட்டான். தெற்கே, கடல் திடீரென்று ஆழமாகிற இடத்தில் என்று இவரும் சொன்னார். கிட்டப் போகாதே என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். தம்பி அதற்குள் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தான்.

அடுத்த மாதமே தம்பியின் நடையே மாறிவிட்டது. வாரம் தவறாமல் பெரிய பெரிய மீனாக வீட்டுக்கு வந்தது. மனைவி பூரித்துப்போய், தன் தம்பியையும் அந்தப் படகில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரித்தாள். மிதவைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார், மச்சினன் படகேறினான். மீன் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே என்ற பயம்.

பிறகு அந்தத் தெற்கு மிதவையிலிருந்து அலுவலகத்துக்கு வரும் பேச்சு குறைந்தது. முதலில் காற்றின் வேகக் கணக்கு வருவது நின்றது. கொஞ்ச நாளில் காற்றழுத்தமும் நின்றுபோனது. கப்பலில் போய்ப் பார்த்தால் கம்பம் வளைந்து கிடந்தது, கருவி உடைந்து தொங்கியது. மிதவையைத் தூக்குகிற வளையத்தில் ஒரு பச்சைக் கயிறு. கயிற்றின் நுனியைச் சிவப்பு நூலால் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றுவது தம்பியின் பழக்கம். உடன் வந்தவர்கள் மேல்தளத்தில் சங்கிலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கயிற்றை அறுத்துக் கடலில் விட்டார். ஏதோ கப்பல் இடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று அதிகாரியிடம் சொன்னார். மாற்றுக் கம்பம் கையிருப்பில் இல்லை. தற்செயலாகக் கப்பல் இடித்ததுதானே, அவசரமில்லை, அடுத்த பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

அந்தப் பருவத்தில் கடல் அநியாயத்துக்குச் சூடாகிக் கிடந்தது. காற்று அசையவில்லை. தெற்கே மேகக்கூட்டம் ஒன்று திரண்டதை அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அடியில் காற்றழுத்தம் மடமடவென்று இறங்கியது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சாதாரணத் தாழ்வுநிலைதான், புயலாக இன்னும் நேரமிருக்கிறது என்று கணித்தார்கள். மறுநாள் விடியும்போதே அது புயலாகிவிட்டது. எச்சரிக்கை போனபோது தம்பியின் படகு அந்த மிதவையில்தான் கட்டிக் கிடந்தது.

படகு திரும்பி வந்தது. மச்சினன் வரவில்லை.

தம்பி கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மிதவைக்காரர் போனபோது வார்டில் மற்ற கட்டில்கள் காலி. அலை எழுந்ததும் கயிறு இறுகிக்கொண்டது, அவிழ்க்க வரவில்லை, மச்சினன்தான் கத்தியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான், கயிற்றை அறுத்தும்விட்டான், அடுத்த அலையில் ஆளைக் காணோம் என்று தம்பி சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் குரல் மாறியது.

"உங்க ஆபீஸ்ல அத்தன மெஷின் வச்சிருக்கீங்களே. முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணே?"

"அந்த மெஷினத்தான்டா நீ கட்டி இழுத்து ஒடச்ச."

தம்பி அவர் பக்கம் திரும்பினான். "ஒடஞ்சது உங்களுக்குத் தெரியுமில்ல? நான்தான் ஒடச்சேன்னும் தெரிஞ்சிருக்கு. அப்ப நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

மிதவைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

உடல் கிடைக்கவேயில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் போய் வீடு அடங்கிய பிறகு, மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றே ஒன்றைக் கேட்டாள்.

"மீன் வந்துச்சே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நானும் கழுவி, அறுத்து, வறுத்துப் போட்டேனே" என்றாள். "அவன் தட்டுலயும் போட்டேனே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மீன் வாங்கவில்லை. பேச்சும் உப்பு, தண்ணீர் என்ற அளவோடு நின்றது.

சில மாதம் கழித்துப் புது மிதவை போட்டார்கள். அவர் கையாலேயே சங்கிலி பூட்டினார், நடுநடுவே ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். கரைக்கு வந்த வாரத்தில் தம்பி வீட்டுக்கு வந்தான். கை தேறியிருந்தது. அண்ணியைப் பார்த்துத் தலை குனிந்தான், அவள் உள்ளே போனாள். அது இது என்று சுற்றிவளைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"புதுசும் அதே எடத்துலதானாண்ணே?"

மிதவைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனார். பச்சைக் கயிறு முதல் எல்லாவற்றையும் அதிகாரியிடம் சொன்னார். படகின் எண்ணையும் சொன்னார். தம்பியின் உரிமம் போனது. உண்மையை மறைத்ததற்காக இவரைக் கப்பலிலிருந்து இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். கூடப்பிறந்தவன் வாயில் மண்ணைப் போட்டவர் என்று தெரு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தம்பி வேறு ஊரில் கூலிக்குப் படகேறினான் என்று கேள்வி.

அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்த அன்று, மனைவியிடமும் சொன்னார். ஒரு வார்த்தையாவது நல்லதாக வரும் என்று ஒரு நப்பாசை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பியக் காட்டிக்குடுக்க உங்களுக்கு என் தம்பி சாக வேண்டியிருந்துச்சு" என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அவர் இப்போது கிடங்கில் திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஆடாத தரை. வாந்தி வருவதில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.