பதினாலாம் கூண்டுக்காரன்

எலிக்கு வேளை தவறாமல் தீனி போட்டுச் சம்பளம் வாங்குகிறவனுக்கு எங்கள் செந்தூலில் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கொடுத்தார்கள், மாமியார் மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் விலங்கு அறையில் இருந்தேன். முதல் பிள்ளைக்குக் காத்திருந்தபடி வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

ஸ்டாப்வாட்ச்

எலியின் மூளையில் பெற்றோர் குணம் எங்கே இருக்கிறது என்று தேடுவது டாக்டரின் வேலை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து அம்மாள். குட்டிகளைக் கூண்டின் மூலைகளில் வைத்துவிட்டு, தாய் எத்தனை விநாடியில் கவ்விக்கொண்டு போகிறது என்று குறிப்பது என் வேலை. மூளையின் அடியில் கடுகைவிடச் சிறிய ஓர் இடத்தைக் கெடுத்துவிட்டால் அதே தாய் தீனி தின்னும், ஓடும். குட்டியை மட்டும் தாண்டிப் போய்விடும்.

ஜோடி சேராத ஆண் எலி குட்டியைக் கண்டால் கடிக்கும். வாய் வைப்பதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும். அப்படித் தனியாக இருந்த பதினாலாம் கூண்டுக்காரனிடம் ஒருநாள் என் கை பிந்திவிட்டது; குட்டி பிழைக்கவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிள்ளானிலிருந்து வரும் சக ஊழியர் ராஜு அண்ணன் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஒன் வீட்டுல பொறக்கப்போறதுக்கு அவனாடா அப்பன்? நீதானே. சாப்புடு லா."

மரத்தூள்

குட்டியைத் தொடுமுன் அதன் தாய் கிடந்த மரத்தூளில் இரண்டு கையையும் தேய்த்துக்கொள்வது எங்கள் பழக்கம். வேற்று வாசனை பட்டால் தாய் தயங்கும். எனக்கு மகள் பிறந்து பத்தாம் நாள், மனைவியின் காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு வந்து, மரத்தூளை மறந்து, ஆறு குட்டிகளைத் தொட்டுவிட்டேன். தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. அன்றைய சோதனை வீண்.

டாக்டர் திட்டவில்லை. தாளின் ஓரத்தில் 'தைலம்' என்று எழுதிவிட்டு, பிள்ளையைத் தூக்கினீர்களா என்று கேட்டார். எலி தொட்ட கை என்று மாமியார் தடுக்கிறார் என்றேன். உண்மையில் மாமியார் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தார். அதைச் சாக்காக வைத்து பத்து நாளாகத் தள்ளி நின்றது நான். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்: "பயம் மாமிக்கோ, உங்களுக்கோ?"

மூன்று வாரம்

அந்தச் சனிக்கிழமை பதினாலாம் கூண்டில் குட்டிகள் பிறந்திருந்தன. அவனுக்கு ஜோடி சேர்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனைப் பிரித்துவிடலாமா என்றேன். வேண்டாம் என்றார் டாக்டர். கையை மரத்தூளில் தேய்த்து, ஒரு குட்டியை மூலையில் வைத்து, பறிப்பதற்கு விரலை நீட்டியபடி நின்றேன். அவன் வந்தான். முகர்ந்தான். வாயைத் திறந்தான். டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

குட்டியின் முதுகுத் தோலை மெல்லக் கவ்வி, கூட்டுக்குக் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். நான் ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை. டாக்டர்தான் நிறுத்தினார்: "அதே மூளைதான் மணியம். கடிக்கிற வழியும் உள்ளுக்குத்தான் கிடந்தது, தூக்கிற வழியும் உள்ளுக்குத்தான் கிடந்தது."

சாம்பிராணி

அன்று அரைநாள் வேலை. வீட்டில் மாமியார் பிள்ளையைக் குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். பிறகு என்னையறியாமல் சட்டியருகே குந்தி, உள்ளங்கைகளைப் புகையில் திருப்பித் திருப்பிக் காட்டினேன். பிள்ளையின் வாசனை என் கைக்கும் வந்தது. மாமியார் பிள்ளையை என் பக்கம் நீட்டினார். "கையச் சுட்டுக்காதீங்க மாப்ள. இந்தாங்க, தலையத் தாங்கிப் புடிங்க."

மகளைத் தூக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தை யாரும் குறிக்கவில்லை. குறித்திருந்தால் பதினாலாம் கூண்டுக்காரன்தான் முந்தியிருப்பான்.