துடைத்தும் போகாத ஊதா

அன்று ஆயாக்கொட்டகையில் இருந்தவர்கள்: பிள்ளை பார்க்கும் ஆயா நான். மகளை அழைத்துப்போக வந்த, ரப்பர் பால்மரம் வெட்டும் லெட்சுமி. அவள் மகள் கவிதா, மூன்று வயது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்பூச்சி மருந்து கொடுக்க வந்த, எஸ்டேட் மருந்தகத்து டிரஸ்சர். மற்றப் பிள்ளைகள்.

மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம். வேலியோரம் செண்டுடுக் செடி. அந்தப் பழம் தின்றால் வாய் ஊதாவாகும். தாய்மார் வருமுன் துடைத்துவிடுவேன். வரிசையாக வாயை நீட்டுவார்கள். அந்த முகங்கள் இன்னும் கண்ணில் இருக்கின்றன.

கவிதாவின் உதடு எப்போதும் ஊதாதான். நாலடி ஓடினால் குந்திவிடுவாள். பையன்கள் "தவக்களை" என்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

அன்று முழுக்க மழை. யாரும் வேலிப்பக்கம் போகவில்லை. ஆனாலும் உதடு ஊதா. அழுத்தித் துடைத்தேன்.

"பழம் தின்னிருப்பா லா. விடுங்கக்கா," என்றாள் லெட்சுமி.

"ஏது பழம்? வெளியவே விடல."

கவிதா வீறிட்டு அழுதாள். முகம் கறுத்தது. உடம்பு துவண்டது.

டிரஸ்சர் ஓடி வந்தார். "முட்டிய மடக்கி நெஞ்சோட சேத்துப் பிடி ஆயா!"

பிடித்தேன். மூச்சு மெல்லத் திரும்பியது.

"கறை இல்லம்மா. இருதயம்," என்றார். "மூச்சுக்குத்தான் பிள்ள குந்துது."

"சோம்பேறின்னு அடிச்சேனே," என்றாள் லெட்சுமி.

தோட்ட ஆபீஸ் கிராணியின் காரில் மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் குழாயும் குறுகல் என்றார் டாக்டர். கோலாலம்பூரில் ஆப்பரேஷன் செய்ய வேண்டும், விட்டால் வளர்ந்து ஆளாகும்வரை உயிர் தங்காது என்றார்.

லெட்சுமியின் புருஷன் முரண்டு பிடித்தான். "நெஞ்சப் பொளக்கவா? எம்புள்ள வீட்டுலயே இருக்கட்டும்."

"வீட்டுல வச்சு என்னா பண்ணுவ? தூக்கிப் போடுறதுக்கா?" என்றேன். "கையெழுத்துப் போடுடா. நானும் வரேன்."

போட்டான். ஆப்பரேஷன் முடிந்தது. பிழைத்தாள்.

அதன்பின் வாயைத் துடைத்ததும் நகமும் ஊதாவா என்று பார்ப்பேன். பால் குடிக்கையில் வியர்த்து, மூச்சிரைத்து, பாதியில் விடும் குழந்தையையும் கிளினிக்குக்கு அனுப்புவேன். ஆயா பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லட்டும். புதிதாகப் பிள்ளை பார்க்க வருபவர்களுக்குச் சொல்கிறேன்: குந்தும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

போன மாதம் ஜாசின் பசாரில் ஒருத்தி கையைப் பிடித்தாள். கை நிறைய மீன் பை.

"ஆயா! என்னத் தெரியலயா? கவிதா!"

நகத்தைப் பார்த்தேன். நல்ல ரத்தச் சிவப்பு.

"வயசு என்னாடி இப்ப?"

"முப்பத்தஞ்சு."