எல்லாப் படத்துக்கும் விளக்கு

தர்மபுரத்தில், எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் சனம் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிறது. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அன்றைக்கே தளத்தில் போட்டாக வேண்டும். முகப்பில் படம், பெயர், ஊர் மட்டும் வரும். தட்டினால்தான் விபரம்.

தளம் தொடங்கியபோது அதில் மரணத்தைத் தவிர வேறு கதையே இல்லை. ஒவ்வொரு படத்தின் சட்டத்தோடும் ‘வகை’ என்றொரு பண்பு எழுதப்பட்டிருந்தது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் என்ற கணினி மொழியில் ஒரு வசதி உண்டு. சதுர அடைப்புக்குள் ஒரு பண்பின் பெயரை எழுதினால், அந்தப் பண்பு உள்ள எல்லாவற்றுக்கும் நாம் சொன்ன தோற்றம் வந்துவிடும். நான் [வகை] என்று மட்டும் எழுதி, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கீழே சுடர் ஆடும் விளக்கொன்றையும் வைத்தேன். எந்த வகை என்று சேர்த்து எழுத ஒரு நிமிடம்கூடச் சென்றிராது. எல்லாம் ஒரே வகைதானே என்ற சோம்பல்.

போன மாதம் முதலாளி பிறந்தநாள் வாழ்த்துகளையும் சேர்க்கச் சொன்னார். முதல் வாழ்த்து உடையார்கட்டு அம்மா ஒருவருக்கு. அடுத்த கிழமை அவருக்கு எழுபது வயது. பிரான்சிலிருக்கும் மகன் அனுப்பியிருந்தார். ஏற்றிவிட்டு, முகப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் சாப்பிடப் போனேன்.

சோற்றில் கை வைத்திருக்க மாட்டேன், தளத்தின் தொலைபேசி அடித்தது. லண்டனில், வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து ஒரு பெண்.

“தங்கச்சி, உடையார்கட்டில இருக்கிற எங்கட அம்மாவுக்கு என்ன நடந்தது? ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே!”

முகப்பைத் திறந்தேன். சிவப்புச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்த உடையார்கட்டு அம்மா சாம்பல் நிறமாகியிருந்தார். கீழே விளக்கு எரிந்தது.

“ஐயோ அக்கா, அது பிறந்தநாள் வாழ்த்து. உங்கட அண்ணாதான் போட்டவர். பிழை என்னிலதான்.”

“அப்ப ஏன் விளக்கு எரியுது? அம்மாவும் போன் எடுக்கிறா இல்லை, அண்ணாவும் எடுக்கிறார் இல்லை.”

பிறந்தநாளும் ஒரு வகைதான்; அதனால்தான் அதற்கும் விளக்கு. [வகை] என்றிருந்ததை [வகை="மரணம்"] என்று மாற்றினேன். என் திரையில் சிவப்புச் சேலை உடனே திரும்பி வந்தது. அந்த அக்காவின் போனிலோ பழைய தோற்றமே சேமிப்பில் இருந்தது. எத்தனை தரம் திறந்தாலும் அவருக்கு விளக்கு அணையவில்லை. படத்தைத் தட்டி உள்ளே இருந்த வாழ்த்தை வாசித்த பிறகும் நான் சொன்னதை அவர் நம்பவில்லை. எனக்கே உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. போன் எடுக்காத அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஏதாவது என்றால்?

“உடையார்கட்டு எனக்குக் கிட்டத்தான். வீட்டுக்கு வழி சொல்லுங்கோ அக்கா. நான் போய்ப் பாக்கிறன்.”

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். விசுவமடு தாண்டும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். சாதாரண நாளில் ஒருவரையும் கூப்பிடுகிறவள் இல்லை நான்.

அந்த வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தின் கீழே, பிடுங்கிப் போட்ட கச்சான் கடலைச் செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து, அந்த அம்மா காய் ஆய்ந்துகொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது. என்னுடைய உயிரைச் சொல்கிறேன்.

“ஆர் பிள்ளை நீங்கள்?”

“அம்மா, உங்கட போன் எங்க?”

“அது உள்ளுக்குச் சார்ச்சில கிடக்கு. ஏன்?”

நடந்ததைச் சொன்னேன். நல்ல பேச்சு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. நிம்மதியில்தான்.

என் போனில் மகளை வீடியோவில் எடுத்துக் கொடுத்தேன். தாயைக் கண்டதும் மகள் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

“நான் இருக்கிறன் மோனை. இஞ்சை பார், கையெல்லாம் மண்.”

“அம்மா, நான் பிளேன் ரிக்கெற்றும் பாத்திட்டன். நாளைக்கே வெளிக்கிட இருந்தனான்.”

வேலை, லீவு இல்லை என்று ஆறு வருடமாக ஊருக்கு வராத மகள் அவர். தாயின் சிரிப்பு நின்றது.

“பாத்த ரிக்கெற்றை விடாதை. செத்த வீட்டுக்கு வர இருந்தனி, பிறந்தநாளுக்கு வா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வாறன் அம்மா.”