காணிக்கை உறையில் எழுதியது

எனக்குப் பள்ளிக்கூடத்தில் பிரிவு உபசாரம் இரண்டு முறை நடந்தது. முதல் முறை நடந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது முடியப் போகிறது. எழுபதுகளின் கடைசி. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். ஐம்பத்தைந்து ஆனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அப்போது அதுதான் சட்டம். முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் அடைக்கிற அன்றைக்கு மாலை போட்டு, ஜெபம் பண்ணி, குரூப் போட்டோ எடுத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எனக்கு முன்னால் போன டீச்சர்கள் எல்லார் வீட்டிலும் அதே கடிகாரம்தான் தொங்கியது.

"எனக்குக் கடிகாரம் வேண்டாம், ஒரு தொட்டில் வாங்கித் தாங்க" என்று நானே கேட்டேன். வெட்கம் கெட்டுப்போய்க் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர்கள் எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் காரணம் எல்லாருக்கும் தெரியும். என் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, என் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கு மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வரும். மருமகன் ஊர் ஊராகப் போய் மருந்து விற்கிறவர். அவருக்குத் தாயும் இல்லை. அதனால் அவளுக்குக் கல்யாணம் பேசும்போதே நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்: "எந்தக் காரணத்தைக் கொண்டும் நீ வேலைய விடாத. நான் ரிட்டயர் ஆனதும் ஒன் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அதற்குப் பிறகு என் டீச்சர் வேலைதான் எங்கள் இரண்டு பேரையும் கரைசேர்த்தது. பெண்பிள்ளைக்கு வேலை என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

தொட்டில் வந்தது. நல்ல தேக்கு, கடைசல் பிடித்த கால்கள். மகள் அதில் பிள்ளையைப் போட்டு ஆட்டிப் பார்த்து, "ஏம்மா, இனிம எனக்குக் கவலையே இல்ல" என்றாள். அவள் லீவு முடிய ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கோடை லீவில் எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் ஒன்பதே காலுக்குத் தலைவாரிப் பொட்டில்லாத நெற்றிக்குப் பவுடர் போட்டு நின்றுகொண்டிருப்பேன். எங்கே போக? வாளியில் பிள்ளையின் துணிகள் ஊறிக் கிடக்கும். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். பிள்ளை என்றால் எனக்கு உயிர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வாரம் முழுக்க என்னை ஒருவரும் 'டீச்சர்' என்று கூப்பிடவில்லை. முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய காது. மகளுக்கும் பேத்திக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நான் தன்னந்தனியாக இருந்தேன். சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஓய்வு பெறுகிற வயதை ஐம்பத்தெட்டாக உயர்த்தி உத்தரவு வந்தது. எங்கள் பள்ளிக்கூடத் தாளாளர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு முப்பது வருசச் சர்வீஸ் தாண்டிருச்சு. போறதுன்னாலும் போலாம், பென்சன் உண்டு. இருக்கதுன்னாலும் இன்னும் மூணு வருசம் இருக்கலாம். வீட்டுல மககிட்ட கலந்து பேசிட்டு நாளைக்கு எழுதித் தாங்க" என்றார்.

"நாளைக்கு எதுக்கு ஐயா? ஒரு தாள் தாங்க" என்றேன்.

அவருடைய பேனாவையே வாங்கி, தொடர்ந்து பணிபுரிய விரும்புகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது கடல்காற்று முகத்தில் அடித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! போகிற வழியில் மக்ரூன் இனிப்பு வேறு வாங்கினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மகளுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. உள்ளே மகள் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கார் என்னைய விடமாட்டேங்குது. அம்பத்தெட்டுன்னு ஆக்கிட்டான்" என்றேன்.

அவள் தொட்டிலை நிறுத்தினாள். "எழுதிக் கொடுத்தாக்கூடவா விடமாட்டாங்க?"

"விடமாட்டாங்களாம்."

 அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "பாவம்மா நீங்க. ஒங்களுக்கும் ஓய்வுன்னு ஒண்ணு கிடைக்கல பாருங்க" என்றாள். அவள் திட்டியிருக்கலாம். அந்தப் 'பாவம்மா'வை நான் இன்னும் செரித்தபாடில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். நமக்கு ஒரு நன்மை நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை போட வேண்டும். உறையின் மேல் என்ன காரணத்துக்காக என்று எழுதி, கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்தால், ஆராதனையில் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அதைச் சபைக்கு முன்னால் வாசிப்பார். மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, தொலைந்த எருமை திரும்பி வந்ததற்காக என்று எல்லாம் வரும். அந்த உறையில் எங்கள் ஜனங்கள் பொய் எழுத மாட்டார்கள். மனுஷரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லுவோம், உறை கர்த்தருக்குப் போவதாயிற்றே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். மகள் பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்திருந்தது. ஆனாலும் மறுவாரம்தான் கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தத் தைரியம்தான்.

வேதத்திலிருந்து இரண்டாம் பாடம் வாசிக்கும்போது பெண்கள் பக்கம் சலசலப்பு. திரும்பிப் பார்த்தால், பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் போட்டுத் தூக்கிக்கொண்டு மகள் வந்து நிற்கிறாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் ரிக்‌ஷா பிடித்து வந்திருக்கிறாள். எனக்கு நாலு வரிசை முன்னால் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். ஐயர் உறைகளைக் கையில் எடுத்தார். எழுந்து போய்ப் பிடுங்கவா முடியும்? என் முறை வந்தது.

"ஓய்வு பெற்றுப் போக வழியிருந்தும், தான் விரும்பிக் கேட்டபடியே இன்னும் மூன்று வருஷம் ஊழியஞ்செய்யக் கர்த்தர் கிருபை செய்ததற்காக, நம்முடைய கணக்கு டீச்சர் அம்மாள் செலுத்துகிற ஸ்தோத்திரக் காணிக்கை."

சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார்கள். மகள் திரும்பவே இல்லை. அவள் தோளில் கிடந்த பிள்ளை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். வீட்டுக்கு வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"'எனக்கு இன்னும் வேலை செய்யணும் போல இருக்குளா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் மாட்டேன்னா சொல்லுவேன்? வேற வழி பாத்திருப்போம்லா. இப்ப லீவு முடியப்போவுது, நான் ஆளுக்கு எங்கன போவேன்?"

"பயந்துட்டேன்ளா" என்றேன். எதற்குப் பயந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. 

மூன்றாம் நாள் மருமகன் வந்து கூட்டிக்கொண்டு போனார். தொட்டிலை பஸ் மேலே போட்டுக்கொண்டு போகலாம் என்றார். "அது இங்கனயே இருக்கட்டும்" என்றாள் மகள். லீவு முடிந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டாள். பார்த்துக்கொள்ள வைத்த ஆள் ஒரு வாரம்கூட நிற்கவில்லையாம். அதையும் மருமகனின் கார்டில்தான் தெரிந்துகொண்டேன். போகிறேன் என்று அன்றே எழுதிக் கொடுத்திருக்கலாம். தாளாளர் ஒன்றும் கதவை அடைத்துவிடவில்லை. நான் எழுதவில்லை. ஜூனில் மணி அடித்தது, சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அந்த மூன்று வருஷமும் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். பகல் முழுக்க டீச்சர், டீச்சர் என்று நூறு பேர் கூப்பிடுவார்கள். சாயங்காலம் பூட்டைத் திறந்தால் வீட்டுக்குள் என் செருப்புச் சத்தம்தான் கேட்கும். துறைமுகத்துச் சங்கு ஊதினால் அதுகூட ஒரு பேச்சுத் துணை. கட்டிலில் இடமில்லாமல் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களைத் தொட்டிலில் போட ஆரம்பித்தேன். மகள் மாதம் ஒரு கார்டு எழுதினாள், எல்லாரும் சுகம் என்று. என்னைக் குற்றம் சொல்லி ஒரு வரி எழுதியதில்லை. வாங்க என்றும் எழுதியதில்லை.

இரண்டாவது பிரிவு உபசாரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கடிகாரமே போதும் என்றேன்.

அதற்கு மறுவாரம் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வயது, வாய் ஓயாத பிள்ளை. இனி நீ வேலை தேடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நாலு நாளாக மனதுக்குள் எழுதி அழித்து எழுதி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி உள்ளே ஓடி, தொட்டிலிலிருந்த தாள்களை அள்ளிக் கீழே போட்டாள். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அடுத்த காலுக்கு இடம் காணவில்லை. தொட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி, இது யாருக்கு?"

ஒனக்குத்தான் என்று சொல்லப் போனேன். அதற்குள் மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, இறங்கு, ஒடைஞ்சிரும். அது ஆச்சி பேப்பர் வைக்கதுக்கு உள்ளது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பேத்தி இறங்கிக்கொண்டாள். நான் குனிந்து தாள்களைப் பொறுக்கினேன்.