அப்ளைக்குள் அப்ளை

மொபைல் ஆப் எழுதும் தொழிலில், ஆப் ஓடுகிறதா என்பதைவிட அதை எந்த அழகில் எழுதினோம் என்பதற்குத்தான் சண்டை அதிகம். இதில் மாட்டிக்கொண்டவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள்.

பேர் சொல்லும் பழக்கம்

துவாக்குடியில் எங்கள் சின்னக் கம்பெனிக்குப் பொன்மலையிலிருந்து கலைச்செல்வி வந்து சேர்ந்தார். குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டிருந்தவர். மூன்று மாதம் பார்த்துவிட்டு, அவரை வைத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் நான் சொல்ல வேண்டும். பாவம், அவர் எழுதியது பழைய பாணி. ஒரு பட்டனுக்கு நிறம், அளவு, எழுத்து என்று ஒவ்வொரு வரியிலும் அந்தப் பட்டனின் பெயர். ஒரு தடவை பெயரைச் சொல்லி ‘அப்ளை’ என்ற கட்டளையைப் போட்டால், அதற்குள் எழுதும் வரிகளெல்லாம் தானாக அந்தப் பட்டனுக்கே போய்ச் சேரும். “அப்ளை போடவும்” என்று திருப்பி அனுப்பினேன்.

“பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே சார், யாரைச் சொல்றோம்னு தெரியும்?” என்றார்.

ஐந்து நாத்தனார்கள்

மறுவாரம் கண்ட இடத்திலெல்லாம் அப்ளை. அதுவோ கொடுத்த பொருளையே திருப்பித் தரும். உள்ளே போட்ட கணக்கின் விடை வேண்டுமென்றால் ‘லெட்’ அல்லது ‘ரன்’ போட வேண்டும். விலாசத்திலிருந்து பின்கோடு மட்டும் எடுக்கப் போனார், முழு விலாசமும் வந்து நின்றது. எல்லோர் முன்னாலும் நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“அப்ளை, லெட், ரன், வித், ஆல்ஸோ... அஞ்சு நாத்தனார் இருந்தாக்கூட, யாருக்கு எது பிடிக்கும்னு இதுக்குள்ள கத்துக்கிட்டிருப்பேன் சார்.”

முடிந்த வேலை

“தேற மாட்டார்” என்று முதலாளிக்கு மெயில் எழுதி வைத்தேன். அனுப்புவதற்குள், எங்கள் ஆப்பை வாங்கியிருந்த அரியமங்கலத்து லேத் பட்டறைக்காரரிடமிருந்து போன். அதில் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு அட்டையாக வரும். வேலை முடிந்தால் அட்டை மறைய வேண்டும். மறையவில்லை. புது ஆர்டர் என்று நினைத்து, முடித்ததையே ஆட்கள் மறுபடி கடைந்திருந்தார்கள்.

“எங்க ஆளுங்க வேலையை முடிச்சுடறாங்க சார், உங்க ஆப்தான் முடிக்க விடமாட்டேங்குது!”

யார் எழுதியது?

கலைச்செல்விதான் கண்டுபிடித்தார். அட்டைக்கு ஒரு அப்ளை, அதற்குள் பட்டனுக்கு இன்னொரு அப்ளை. பெயர் சொல்லாத ‘மறை’ என்ற வரி உள் அப்ளைக்குள் விழுந்ததால், அட்டை அப்படியே நிற்க, பட்டன் மட்டும் மறைந்திருந்தது.

“யார் எழுதினது?” என்றார் முதலாளி. கலைச்செல்வி என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நான்தான்” என்றேன். மெயிலையும் அழித்தேன். கலைச்செல்வி அந்த வரியை வெளியே எடுத்து, முன்னால் அட்டையின் பெயரைச் சேர்த்தார்.

“பட்டனுக்கு அப்ளை இருந்துட்டுப் போகட்டும் சார். அட்டையைப் பேர் சொல்லியே கூப்பிடுவோம்.”

கலைச்செல்விக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. இப்போது நான் எழுதுவதையெல்லாம் அவர்தான் திருப்பி அனுப்புகிறார்.